பல தரவுத்தளங்கள், ஒரே கணக்கு: திருகோணமலை மீன் கம்பனி ஒன்றை வைத்து ஒரு வழிகாட்டி

கோணேசபுரி வளாகத்தில் கணினி படித்துவிட்டு முதல் வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிமார் பலரோடு வேலை செய்திருக்கிறேன். படிக்கும்போது ஒரே தரவுத்தளத்தை வைத்து எல்லாம் செய்து பழகியிருப்பார்கள். வேலைக்கு வந்த முதல் வாரம் சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்தால் போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், மொங்கோடிபி, எலாஸ்டிக்சேர்ச், காஃப்கா என்று ஐந்தாறு பெட்டிகள். ஏன் இத்தனை, எதை எதில் வைப்பது, ஒன்றில் மாறியது மற்றதற்கு எப்படித் தெரியவரும்? இந்த மூன்றும் பிடிபட்டால் மிச்சத்தைப் பழகப் பழகக் கற்றுக்கொள்ளலாம்.

இப்படி வேலைக்கேற்ப வெவ்வேறு தரவுத்தளங்களைச் சேர்த்து வைக்கும் முறைக்குப் பாலிகிளட் பெர்சிஸ்டன்ஸ் என்று பெயர். 2008 இல் மென்பொருள் பொறியாளர் ஸ்காட் லெபர்நைட் வைத்த பெயர் இது. 2011 இல் மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலர் இதைப் பற்றி எழுதிய பிறகு எங்கும் பரவியது. பாலிகிளட் என்றால் பல மொழி தெரிந்தவர். நம் ஊர் மீன் வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் தமிழில் விலை சொல்வார், கொழும்பு லொறிக்காரரிடம் சிங்களத்தில் பேசுவார், ஹோட்டல் மனேஜரிடம் ஆங்கிலத்தில் சமாளிப்பார். ஆனால் கணக்கு எழுதும் கொப்பி அவரிடம் ஒன்றுதான். மொழி பல, கொப்பி ஒன்று. அந்தக் கொப்பியைத் தொலைக்காமல் மொழிகளைக் கூட்டுவது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: கரைக்குப் போங்கள், காகிதத்தில் எழுதுங்கள்

உதாரணத்துக்கு ஒரு கம்பனியைக் கற்பனை செய்வோம். கிண்ணியா, மூதூர், குச்சவெளி, புல்மோட்டைக் கரைகளில் மீன் வாங்குகிறது. சொந்தமாக ஐஸ் ஆலையும் குளிர் அறையும் உண்டு. 12 கூலர் லொறிகள் கொழும்புக்கு ஓடுகின்றன. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்குத் தினமும் மீன் போகிறது. நல்ல சூரை வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது.

எந்த மென்பொருளையும் நிறுவுவதற்கு முன் விடியற்காலை மீன் இறங்கும் இடத்தில் போய் நில்லுங்கள். தராசடியில் இருப்பவர் என்ன எழுதுகிறார், யாரைக் கேட்டு எழுதுகிறார், எதைத் திருத்துகிறார் என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு தரவுக்கும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். பிழைத்தால் யாருக்கு நட்டம்? எவ்வளவு நேரம் பழையதாக இருந்தால் பரவாயில்லை? ஒரு நாளைக்கு எத்தனை பதிவு? அதை எப்படித் தேடிக் கேட்பார்கள்?

மீனவருக்குக் கொடுக்கும் காசு பிழைத்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானமே பிழைக்கும். அது ஒரு நொடிகூடப் பழையதாக இருக்கக்கூடாது. ஹோட்டல்காரர் பார்க்கும் இன்றைய விலைப்பட்டியல் ஒரு நிமிடம் பழையதாக இருந்தால் குடி முழுகிப்போகாது. லொறியின் குளிர்நிலை 30 நொடிக்கு ஒருமுறை வருகிறது, ஒருமுறை எழுதியதை யாரும் திருத்துவதில்லை. மூன்றும் தரவுதான். மூன்றின் குணமும் வேறு.

எண்ணிக்கையையும் கட்டாயம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நொடிக்கு ஒன்று என்றால் ஒரு லொறிக்கு ஒரு நாளில் 2,880 பதிவுகள். 12 லொறிக்கு 34,560. வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடியே 26 இலட்சம். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் சாதாரண சேர்வர் ஒன்றில் ஓடும் போஸ்ட்கிரெஸுக்கு இது பெரிய சுமையே இல்லை. இந்தக் கணக்கைப் போடாமல், சென்சர் தரவு என்றதும், பல சேர்வர்களில் பரவி ஓடும் கசாண்ட்ரா என்ற தரவுத்தளத்துக்குப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். பிறகு அதைப் பராமரிக்க ஆள் தேடி அலைந்தார்கள்.

இரண்டாம் படி: ஒன்றோடு தொடங்குங்கள்

1970 இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் கோட், தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புநிலை மாதிரியை எழுதி வெளியிட்டார். அதன் வழியில் வந்த தரவுத்தளங்கள்தான் இன்றும் காசுக் கணக்கின் அடித்தளம். எதனால் என்று தராசடியிலேயே பார்க்கலாம்.

ஒரு சம்மாட்டி 42.5 கிலோ அறக்குளா கொண்டுவருகிறார். கிலோ 1,800 ரூபா என்று வைத்தால் 76,500 ரூபா. அவர் ஏற்கெனவே வாங்கிய முற்பணத்தில் 10,000 கழித்தால் கைக்கு 66,500. இந்த ஒரு பில்லில் மூன்று எழுத்து வேலைகள் இருக்கின்றன: கொள்வனவைப் பதிய வேண்டும், முற்பணத்தைக் குறைக்க வேண்டும், குளிர் அறை இருப்பைக் கூட்ட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மூன்றும் நடந்திருக்க வேண்டும், அல்லது மூன்றுமே நடக்காதது போல் இருக்க வேண்டும். ஒன்று நடந்து இரண்டு விட்டுப்போனால் அதுதான் சண்டை. மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்டித் தருவதைத்தான் ட்ரான்ஸாக்‌ஷன் என்கிறோம்.

ஆகவே போஸ்ட்கிரெஸ் போன்ற ஒன்றோடு தொடங்குங்கள். அதற்குள்ளேயே எவ்வளவு தூரம் போகலாம் என்பது புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. 2014 இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து ஜேசன்பி வகை இருக்கிறது. வடிவம் மாறிக்கொண்டிருக்கும் ஆவணங்களை அதில் வைக்கலாம். வரைபட வேலைக்குப் போஸ்ட்ஜிஐஎஸ் இருக்கிறது. காலத்தொடர் தரவுக்கு டைம்ஸ்கேல் என்ற நீட்சி இருக்கிறது. 2019 இல் வந்த 12 ஆம் பதிப்பில் தமிழ்ச் சொற்களின் விகுதியை வெட்டி வேரைப் பார்க்கும் வசதிகூட வந்துவிட்டது. எங்கள் கற்பனைக் கம்பனியின் முதல் இரண்டு வருடத்துக்கு இது ஒன்றே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது தரவுத்தளம் வந்தால் இரண்டாவது பேக்அப் வேண்டும், இரண்டாவது கடவுச்சொல் நிர்வாகம் வேண்டும், இரவு இரண்டு மணிக்கு அது விழுந்தால் எழுந்து பார்க்கத் தெரிந்த இரண்டாவது ஆளும் வேண்டும். மென்பொருள் இலவசமாக வரலாம், அந்த ஆள் அப்படி வரமாட்டார்.

மூன்றாம் படி: எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்

ஒரு நாள் வலி தொடங்கும். பெரும்பாலும் முதல் வலி மாத முடிவில் வரும். கணக்காளர் ஆறு மாதக் கொள்வனவை மீன் வாரியாக, கரை வாரியாகக் கூட்டச் சொல்வார். அந்தக் கேள்வி ஓடும் நேரம் தராசடித் திரை இழுக்கும். மீன் வெயிலில் காயும்.

காரணம் எளிது. போஸ்ட்கிரெஸ் ஒரு பில்லின் எல்லா விவரத்தையும் ஒன்றாக, ஒரே வரியாக வைக்கிறது. ஒரு பில்லை எடுக்க அது நல்லது. ஆறு மாத எடையை மட்டும் கூட்டவோ ஒவ்வொரு பில்லின் பெயர், திகதி, குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. நிரல்முறைத் தரவுத்தளங்கள், அதாவது அட்டவணையைக் கொலம் கொலமாக வைப்பவை, எடைகளை எல்லாம் ஒரு பக்கம், விலைகளை எல்லாம் ஒரு பக்கம் அடுக்கி வைக்கும். கூட்டும்போது தேவையான அடுக்கை மட்டும் வாசிக்கும். கிளிக்ஹவுஸ் அந்த வகை. 2016 இல் திறந்த மூலமாக வெளிவந்தது. ஆனால் உடனே அதற்கு ஓடாதீர்கள். முதலில் போஸ்ட்கிரெஸின் வாசிப்புப் பிரதி ஒன்றை இன்னொரு சேர்வரில் வைத்து அறிக்கைகளை அங்கே திருப்பிவிடுங்கள். அதுவும் போதாமல் போனால் நிரல்முறைக்குப் போகலாம்.

அடுத்த வலி தேடல். இதில் கொஞ்சம் நிற்கவேண்டும், தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது சொந்தப் பிரச்சினை. ஒரே மீனை நாம் அறக்குளா என்கிறோம், சிங்களத்தில் தோரா, தமிழ்நாட்டிலிருந்து வந்த சமையற்காரர் வஞ்சிரம் என்று தேடுகிறார், ஹோட்டல் மெனுவில் சீர் பிஷ் என்று இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அறக்குளாவைத் தட்டுபவர்கள் நாலு விதமாகத் தட்டுகிறார்கள். அதோடு தமிழில் சொல் தனியாக வருவதில்லை. அறக்குளாவை, அறக்குளாவில், அறக்குளாவுக்கு என்று வால் முளைக்கும். சாதாரண அட்டவணைத் தேடல் இதில் திணறும். எலாஸ்டிக்சேர்ச் இதற்காகவே செய்யப்பட்டது. 2010 இல் வந்தது, லூசீன் என்ற தேடல் நூலகத்தின் மேல் கட்டப்பட்டது. ஒத்த சொற்பட்டியலை அதற்குக் கொடுக்கலாம், எழுத்துப்பிழையைச் சகித்துத் தேடச் சொல்லலாம்.

பட்டியலை மட்டும் நீங்கள்தான் செய்ய வேண்டும். வாடியில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு பின்னேரம் உட்கார்ந்து ஒவ்வொரு மீனுக்கும் எத்தனை பெயர் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலைப் போஸ்ட்கிரெஸில் ஓர் அட்டவணையாக வைத்து, அங்கிருந்து தேடல் இயந்திரத்துக்கு அனுப்புங்கள். தேடல் இயந்திரத்துக்குள் மட்டும் எழுதி வைத்தால் அதை மாற்றும் நாளில் பெயர்களும் போய்விடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு எல்லா ஹோட்டலும் ஒரே நேரம் விலைப்பட்டியலைத் திறந்தால் ரெடிஸ் உதவும். 2009 இல் வந்தது, தரவை நினைவகத்தில் வைப்பதால் வேகம். அதில் வைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆயுட்காலம் குறித்துவிடுங்கள். ஏற்றுமதி ஆவணங்கள் நாட்டுக்கு ஒரு வடிவம் என்றால் ஆவணத் தரவுத்தளமான மொங்கோடிபி நினைவுக்கு வரும். எங்கள் அளவுக்கு ஜேசன்பி போதும்.

மீன் எந்தப் படகிலிருந்து எந்தப் பெட்டிக்குப் போனது என்று தடம் பிடிப்பது வேறொரு தேவை. 2015 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டிருந்ததை இந்தத் தொழிலில் யாரும் மறக்கவில்லை. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்பது காரணம். இந்தத் தடத்தை நியோஃபோர்ஜே போன்ற வலைப்பின்னல் தரவுத்தளத்தில் அழகாக வைக்கலாம். ஆனால் படகு, கொள்வனவு, தொகுதி, பெட்டி என்று நாலைந்து தாவல்தான் என்றால் எஸ்கியூஎல்லின் மீள்சுழல் கேள்வியே செய்துவிடும்.

நான்காம் படி: ஒவ்வொரு தரவுக்கும் ஒரு சொந்த வீடு

இப்போது எங்களிடம் போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், எலாஸ்டிக்சேர்ச் மூன்றும் இருப்பதாக வைப்போம். ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு தரவுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: அதன் சொந்த வீடு எது, நகல் எங்கெங்கே, நகல் எவ்வளவு பிந்தலாம், நகல் அழிந்தால் எப்படி மறுபடி கட்டுவது.

மீனின் விலைக்குச் சொந்த வீடு போஸ்ட்கிரெஸ். ரெடிஸில் நகல், ஒரு நிமிடம் பிந்தலாம், அழிந்தால் அடுத்த வாசிப்பில் தானாக நிரம்பும். மீன் பெயர்களுக்குச் சொந்த வீடு போஸ்ட்கிரெஸ். எலாஸ்டிக்சேர்ச்சில் நகல், ஐந்து நிமிடம் பிந்தலாம், அழிந்தால் அதற்கென்று எழுதி வைத்த நிரலை ஓட்டினால் மறுபடி வரும். இப்படி எழுதிக்கொண்டே போங்கள். ஒரு தரவுக்கு இரண்டு சொந்த வீடு வந்தால் அங்கே நிறுத்தி, பொறுப்பானவர்களைக் கூட்டி, ஒன்றைத் தீர்மானியுங்கள். மறுபடி கட்டும் வழியை உங்களால் எழுத முடியவில்லை என்றால் நகல் என்று நினைத்தது நகலே இல்லை.

எழுத்து எப்போதும் சொந்த வீட்டுக்கு மட்டும் போக வேண்டும். நகல்களுக்கு அங்கிருந்துதான் செய்தி போக வேண்டும். இதை நான் ஒரு காலத்தில் மீறியிருக்கிறேன். அதன் விலையை வேறொருவர் கொடுத்தார்.

ஐந்தாம் படி: இரண்டு இடத்தில் எழுதாதீர்கள்

நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் மீனவர்களுக்குப் போகும் எஸ்எம்எஸ் ஓர் ஆவணத் தரவுத்தளத்திலிருந்து போனது. பில்லைப் பதியும் நிரல் முதலில் போஸ்ட்கிரெஸில் எழுதும், அடுத்த வரியில் அந்த ஆவணத் தரவுத்தளத்திலும் எழுதும். அந்த இரண்டு வரியையும் எழுதியவன் நான். சோதனையில் ஒருநாளும் பிழைக்கவில்லை.

ஒரு மார்கழி மழைக் காலை, தராசடியில் இருந்தவர் ஒரு பில்லில் டீசலுக்கு வாங்கிய இன்னொரு 10,000 ரூபா முற்பணம் விடுபட்டதைக் கண்டு திருத்தினார். அந்தப் பில்லின் எஸ்எம்எஸ் அந்த நேரம் அனுப்பப்படாமல் வரிசையில் தேங்கி நின்றது. திருத்தம் போஸ்ட்கிரெஸில் ஏறியது. அடுத்த வரி ஓடுவதற்குள் லைன் விழுந்தது. லைன் திரும்பியதும் எஸ்எம்எஸ் பழைய தொகையோடு போனது.

பத்து மணிக்கு அந்த மீனவரின் மனைவி போனைக் கையில் பிடித்தபடி காசாளரிடம் வந்தார். "தம்பி, இதில 66,500 எண்டு இருக்கு. நீங்கள் 56,500 தாறீங்கள். எங்கட காசு எங்க?" அவர் கேட்டதில் எந்தப் பிழையும் இல்லை. நாங்கள் அனுப்பிய செய்தியைத்தான் அவர் காட்டினார். "அக்கா, கொஞ்சம் இருங்கோ" என்று சொல்லிவிட்டு நாங்கள் பதிவுகளைத் தேடி, நடந்ததை விளக்கி முடிக்க மதியம் ஆகிவிட்டது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த சில வாரம் அவர் ஒவ்வொரு பில்லையும் கொப்பியில் தனியாக எழுதிக்கொண்டு போனார்.

இதை இரட்டை எழுத்துப் பிரச்சினை என்பார்கள். இரண்டு தரவுத்தளத்துக்கும் பொதுவான முடிச்சு இல்லை. நடுவில் எது நடந்தாலும் இரண்டும் இரண்டு கதை சொல்லும். வரிசையை மாற்றி எழுதினாலும், தோற்றால் மறுபடி முயன்றாலும் தீராது. மறுபடி முயல்வதற்குள் நிரலே விழுந்துவிடலாம்.

தீர்வு அவுட்பாக்ஸ் அட்டவணை. போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே போகவேண்டிய செய்திகளுக்கென்று ஓர் அட்டவணை வையுங்கள். பில்லைத் திருத்தும் அதே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் "இந்தப் பில் மாறிவிட்டது, புதுத் தொகை இது, பதிப்பு எண் 2" என்று ஒரு வரியை அதில் போடுங்கள். இரண்டும் ஒரே முடிச்சில் இருப்பதால் ஒன்று ஏறி மற்றது விடுபட வழியில்லை. பின்னணியில் ஒரு சின்ன நிரல் சில நொடிக்கு ஒருமுறை அந்த அட்டவணையைப் பார்த்து, அனுப்பாதவற்றை நகல்களுக்கு அனுப்பி, அனுப்பியாயிற்று என்று குறிக்கட்டும்.

இதில் புதியவர்கள் விழும் குழிகள் சில உண்டு. கடைசியாக அனுப்பிய வரி எண்ணை மட்டும் ஞாபகம் வைத்து அதற்கு மேற்பட்டதை எடுக்காதீர்கள். எண் 101 வாங்கிய ட்ரான்ஸாக்‌ஷன் முடியத் தாமதமாகி 102 முதலில் முடிந்தால் 101 என்றென்றைக்கும் விடுபடும். ஒவ்வொரு வரியிலும் அனுப்பியதா இல்லையா என்ற குறி இருக்கட்டும். அப்புறம், அனுப்பிவிட்டுக் குறிப்பதற்கு முன் நிரல் விழுந்தால் அதே செய்தி இரண்டாம் முறையும் போகும். அதைத் தடுக்க முடியாது என்று ஏற்றுக்கொண்டு, பெறும் பக்கத்தைப் பழக்குங்கள். தன்னிடம் இருப்பதைவிட பதிப்பு எண் பெரிதாக இருந்தால் மட்டும் எழுது, இல்லாவிட்டால் விட்டுவிடு. இந்த ஒரு விதி, செய்தி இரண்டுமுறை வந்தாலும் முன்பின்னாக வந்தாலும் காப்பாற்றும்.

கம்பனி பெருத்து, நகல்கள் பத்துப் பன்னிரண்டு ஆனால், செய்திகளை வரிசையாக வாங்கி வைத்துப் பல இடங்களுக்குக் கொடுக்கும் காஃப்காவைப் பாருங்கள். லிங்க்ட்இன்னில் பிறந்து 2011 இல் திறந்த மூலமானது. போஸ்ட்கிரெஸ் தன் மாற்றங்களை எல்லாம் முதலில் எழுதி வைக்கும் குறிப்பேட்டை டெபீசியம் என்ற கருவி வாசித்துக் காஃப்காவில் போடும். பில் எண்ணைத் திறவுகோலாக வைத்தால் ஒரே பில்லின் செய்திகள் வரிசை குலையாமல் போகும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: டெபீசியம் நின்றுபோனால், அது வாசிக்காத குறிப்பேட்டைப் போஸ்ட்கிரெஸ் அழிக்காமல் அதற்காக வைத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் நிரம்பும். நிரம்பினால் தராசடியும் நிற்கும். அந்த அளவு ஏறினால் உங்கள் போனுக்கு எச்சரிக்கை வரும்படி முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஆறாம் படி: பிந்துவதைத் திரையில் சொல்லுங்கள்

நகல் என்றால் பிந்தும். எலாஸ்டிக்சேர்ச்சில் எழுதியது சாதாரண அமைப்பில் ஒரு நொடி கழித்துத்தான் தேடலில் தெரியும். அவுட்பாக்ஸ் நேரம் அதற்கு மேல். ஆகவே தராசடியில் பதிந்தவர் தான் பதிந்ததை உடனே பார்க்கும் திரை சொந்த வீட்டிலிருந்தே வாசிக்கட்டும். இல்லாவிட்டால் பதியவில்லை என்று நினைத்து இரண்டாம் முறை பதிவார். காசு கொடுக்கும் திரையும் அப்படியே. விலைப்பட்டியலில் "காலை 6.10 நிலவரம்" என்று நேரத்தைக் காட்டிவிடுங்கள்.

குச்சவெளியில் லைன் இல்லாதபோது என்ன செய்வது? 2000 இல் எரிக் புரூவர் முன்வைத்து 2002 இல் கில்பர்ட்டும் லிஞ்சும் நிறுவிய தேற்றம் சொல்வது இதைத்தான்: இணைப்பு அறுந்த நேரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வேலையை நிறுத்துவதா, இரண்டு பக்கமும் சற்று நேரம் வேறுபடுவதை ஏற்பதா. மீன் காத்திருக்காது. எடையை டேப்லெட்டில் பதிந்து வைத்து லைன் வந்ததும் அனுப்பலாம். முற்பணக் கழிப்பை மட்டும் லைன் வந்த பிறகே செய்யலாம். தேர்வை மென்பொருளிடம் விடாமல் நிர்வாகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஏழாம் படி: ஆட்களின் விவரம்

மீனவரின் அடையாள அட்டை எண், போன் எண், வங்கிக் கணக்கு இவை எல்லாம் எத்தனை நகலில் இருக்கின்றன என்று உங்கள் தாளைப் பாருங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தன் விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை ஒருவருக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து இடத்தில் சிதறியதை அழிப்பதைவிட, தேடல் இயந்திரத்துக்கும் ரெடிஸுக்கும் அவற்றை அனுப்பாமலே இருப்பது எளிது. மீனவர் எண் ஒன்றை மட்டும் அனுப்புங்கள். அது யார் என்பது சொந்த வீட்டுக்குள் இருக்கட்டும்.

எட்டாம் படி: உடைத்துப் பாருங்கள்

வாசித்தது கையில் ஏற, உங்கள் லாப்டொப்பில், மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓடவிடும் டொக்கரை வைத்து போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், எலாஸ்டிக்சேர்ச் மூன்றையும் ஏற்றுங்கள். ஐந்து மீன், பத்து மீனவர், ஆயிரம் பில் என்று பொய்த் தரவு உருவாக்குங்கள். அவுட்பாக்ஸ் நிரலை எழுதி ஓடவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் கொன்றுவிட்டு மறுபடி தொடக்குங்கள். ஒரே செய்தியை வேண்டுமென்றே இரண்டு தரம் அனுப்புங்கள். பிறகு ரெடிஸை முழுதாகக் காலியாக்குங்கள், எலாஸ்டிக்சேர்ச்சில் உள்ள தேடல் அட்டவணையை அழியுங்கள், போஸ்ட்கிரெஸை நேற்றைய பேக்அப்பிலிருந்து வேறொரு இடத்தில் மீட்டெடுங்கள். பேக்அப் பிரதியைவிட நகல்கள் முன்னேறி நிற்பதை அப்போது காண்பீர்கள். அந்த நிலையில் நகல்களை அழித்து மறுபடி கட்டத்தான் வேண்டும்.

கடைசியாகப் போஸ்ட்கிரெஸில் உள்ள பில்களையும் நகலில் உள்ளவற்றையும் எண்ணி, மொத்தத் தொகையைக் கூட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ரூபா இடித்தாலும் நான்காம் படித் தாளை எடுத்து, எந்த நிரல் சொந்த வீட்டைத் தாண்டி எழுதுகிறது என்று தேடுங்கள். பொருந்தினால் அந்த ஒப்பிடும் நிரலைத் தினமும் இரவு பன்னிரண்டு மணிக்கு ஓடும்படி வைத்துவிடுங்கள். விடியற்காலை படகு வருவதற்குள் பதில் கையில் இருக்கும்.